பாரிவாக்கத்துல சங்கு ஊதுறது யாரு?

பூந்தமல்லியில் இறங்கி, 'பாரிவாக்கம் எப்படிங்க போறது?'னு யார்கிட்டயாவது கேட்டுப் பாருங்க. 'சிக்னலா, ஊருக்குள்ளயா?'னு பதிலுக்கு ஒரு கேள்வி வரும். சென்னையில முக்கால்வாசிப் பேருக்கு பாரிவாக்கம்னா அந்த சிக்னல்தான். பெங்களூர் ஹைவேயில லாரியும் பஸ்ஸும் வரிசை கட்டி ஹாரன் அடிக்கிற இடம். கலங்கரை விளக்கத்துல ஆரம்பிக்கிற 26 கிலோமீட்டர் மெட்ரோ வழித்தடம் வந்து முடியற பூந்தமல்லி பைபாஸும் இந்தப் பக்கம்தான்.

அந்த இரைச்சலை முதுகுக்குப் பின்னால விட்டுட்டு ஊருக்குள்ள திரும்பினா, சீனே வேற! ஒரு ஏரி. கரையோரம் மேயற மாடுகள். மூணு வீட்டுக்கு ஒரு காலி மனை, காலி மனைக்கு நாலு கல், கல்லுக்கு மேல காக்கா. 'வீட்டு மனைகள் விற்பனைக்கு' போர்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். வில்லிவாக்கம், புரசைவாக்கம் எல்லாம் எப்பவோ சிட்டியாகிடுச்சு. இந்த 'வாக்கம்' இப்பதான் ஒரு காலை ஊர்லயும் ஒரு காலை சிட்டியிலயும் வெச்சுக்கிட்டு நிக்குது.

காலையில ஏழு மணிக்கு இந்த ஏரியாவே காலேஜ் பஸ்களோட ராஜ்ஜியம். பனிமலர், சவீதா, ராஜலட்சுமி, அந்தப் பக்கம் ஆவடியில வேல்டெக்னு சுத்திச் சுத்தி காலேஜ்தான். ஜன்னலோர சீட்டுல தூங்கிக்கிட்டே இந்த ரோட்டைக் கடந்து போயிருக்கீங்களா? அப்படின்னா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான் பாஸ்.

பீச் இல்ல, மால் இல்ல, செல்ஃபி பாயின்ட் இல்ல. அப்புறம் இங்கே என்ன டூர்? காரணம் இருக்கு. இங்கே வீடு வாங்கினவங்க, வாடகைக்கு வந்தவங்க நிறைய பேர் ஒரே கணக்கைத்தான் சொல்றாங்க. 'ஆபீஸ் தூரம்தான், ஆனா வாடகை கம்மி.' 2020 மார்ச் 25-ம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு வந்துச்சு பாருங்க, அன்னைக்கு அந்தக் கணக்கே தலைகீழாகிடுச்சு. தூரத்துல இருந்த ஆபீஸ் நேரா வந்து பெட்ரூம்ல உட்கார்ந்துக்கிச்சு. ஊரடங்கு போச்சு, கொரோனா அலை ஓய்ஞ்சுது. பல வீடுகள்ல ஆபீஸ் மட்டும் இன்னும் எழுந்து போகலை. வாரத்துல ரெண்டு நாள், மூணு நாள், சிலருக்கு அஞ்சு நாளும் அங்கேயேதான்.

பத்துக்குப் பத்து ஆபீஸ்

என் காலேஜ் சீனியர் ஒருத்தர் இங்கேதான் இருக்கார். பேர் வேண்டாம்னுட்டார், அண்ணன்னே வெச்சுக்குவோம். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. முன்னாடி ஓ.எம்.ஆர். ஆபீஸுக்குப் போக வர எழுபது, எண்பது கிலோமீட்டர். 'தினமும் மூணு மணி நேரம் ரோட்டுல போச்சுடா. வீட்லேர்ந்து வேலைன்னதும் லாட்டரி அடிச்ச மாதிரி இருந்துச்சு'னு சிரிக்கிறார்.

பத்துக்குப் பத்து ரூம். ஒரு டேபிள், ஒரு லேப்டாப், மின்வாரியம் பராமரிப்புப் பணின்னு கரன்ட்டை நிறுத்தினா தாக்குப்பிடிக்க ஒரு இன்வெர்ட்டர். டேபிளுக்குப் பின்னாடி சுவத்துல மட்டும் பளிச்சுனு வெள்ளை பெயின்ட், வீடியோ காலுக்காக. கேமரா கண்ணுல படாத பக்கம் அரிசி மூட்டையும் பொண்ணோட சைக்கிளும்.

அவரோட கிளையன்ட் அமெரிக்காவோட கிழக்குக் கரையில. அங்கே காலையில ஒன்பது மணின்னா இங்கே சாயங்காலம் ஆறரை. தினமும் அந்த நேரத்துக்கு மீட்டிங். நவம்பர் மாசம் முதல் ஞாயித்துக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வைப்பாங்க. உடனே பாரிவாக்கத்துல மீட்டிங் ஏழரைக்குப் போயிடும். மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை மறுபடியும் ஆறரை. ஏரிக்கரை மாடுகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. அதுங்க கரெக்டா ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிடுது. அண்ணன் வீட்டு ராத்திரி சாப்பாடுதான் அமெரிக்க கடிகாரத்தோட சேர்ந்து ஆடுது.

'மதியம் ஒரு மணியிலேர்ந்து ராத்திரி பத்து வரைக்கும்தான் என் ஷிப்ட். ஆனா நம்ம ஊர் டீம் காலையில ஒன்பதரைக்கே மெசேஜ் போட ஆரம்பிச்சுடும். பார்த்துட்டு எப்படி பதில் போடாம இருக்கிறது? ராத்திரி பத்துக்கு மேல அமெரிக்காக்காரன் போடுவான். மிச்சமான அந்த மூணு மணி நேரம் எங்கே போச்சுன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியலடா!'

இதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டே சொன்னவர், கொஞ்சம் நிறுத்தினார். 'ஒரு கட்டத்துல போன் அடிக்காமலே அடிக்கிற மாதிரி கேட்க ஆரம்பிச்சுது. தூக்கம் போச்சு. பாப்பா படம் வரைஞ்சு காட்ட வந்தா, என்ன ஏதுன்னு பார்க்காமலே கத்துவேன். ஒருநாள் அவ ரூம் வாசல்லயே நின்னுக்கிட்டு, 'அப்பா, நீ ஆபீஸ்ல இருக்கியா, வீட்ல இருக்கியா?'னு கேட்டா. எனக்கே தெரியலை.'

'வீட்லதானே இருக்கே!'

அண்ணனோட அம்மா காபி கொண்டுவந்து வெச்சாங்க. 'என்ன வேலையோ தம்பி! வீட்லதான் இருக்கான், ஆனா இருக்கிற மாதிரியே இல்ல. முன்னெல்லாம் ராத்திரி ஒன்பதுக்கு வந்தாலும் வந்துட்டான்னு ஒரு நிம்மதி இருக்கும். இப்ப எப்ப வருவான்னே தெரியலை'னாங்க. மகன் உட்கார்ந்திருக்கிறது அவங்களுக்குப் பத்தடி தூரத்துல!

ரெண்டு தெரு தள்ளி ஒரு அக்கா. அவங்களும் வீட்லேர்ந்துதான் வேலை, ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி க்ளெய்ம் பிரிவுல. அவங்க பிரச்னை வேற ரூட். 'வீட்லதானே இருக்கே'ங்கற ஒரு வாக்கியத்துலேயே என் நாள் முடிஞ்சுடும். சிலிண்டர் வந்தா நான், கூரியர் வந்தா நான், மாமியாருக்கு மாத்திரை நான், பையன் ஸ்கூல்லேர்ந்து வந்தா நான். எல்லாத்துக்கும் நடுவுல கால்ல மியூட் போட்டுட்டு குக்கரை இறக்குவேன்'னாங்க.

இது அந்த அக்கா வீட்டுக் கதை மட்டும் இல்லை. மத்திய அரசோட 2024 நேரப் பயன்பாட்டு சர்வே என்ன சொல்லுது தெரியுமா? சம்பளமில்லாத வீட்டு வேலை பார்க்கிறவங்கள்ல, பெண்கள் ஒரு நாளைக்கு சராசரியா 289 நிமிஷம் செலவு பண்றாங்க. ஆண்கள் 88 நிமிஷம். ஆபீஸும் வீட்டுக்குள்ள வந்துட்டா, அந்த 289 நிமிஷமும் ஷிப்ட் நேரமும் ஒரே ரூம்ல மோதிக்கும். அண்ணனோட பிரச்னை ஆபீஸ் வீட்டுக்குள்ள வழியறது. அக்காவுக்கு வீடும் ஆபீஸுக்குள்ள வழியுது. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். இடையில இருந்த வாசல் காணாம போச்சு.

டீக்கடையில ஒரு ஷிப்ட் பாடம்

அந்த வாசல் என்னன்னு எனக்குப் புரிய வெச்சது லேப்டாப்பே தொடாத ஒரு ஐயா. டீக்கடை பெஞ்சுல பேப்பர் படிச்சுட்டு இருந்தார். ஆவடி டாங்கி ஃபேக்டரியில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்.

மேற்குச் சென்னைக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கு மக்களே. இது ஷிப்டுல வளர்ந்த ஏரியா. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலேர்ந்து 1965 டிசம்பர்ல முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்துச்சு. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல ஆரம்பிச்சுது. அதுக்கும் முன்னாடியே அம்பத்தூர்ல சைக்கிள் கம்பெனி. இந்த ஊர்களோட நேரத்தை நிர்ணயிச்சது சாமி கோயில் மணி பாதி, ஃபேக்டரி சங்கு பாதி.

'காலையில சங்கு ஊதினா உள்ள இருக்கணும். சாயங்காலம் சங்கு ஊதினா, கையில இருக்கிற ஸ்பேனரை அப்படியே வெச்சுட்டு கைகழுவப் போயிடுவோம். ஓவர்டைம்னா அதுக்குத் தனிக் கணக்கு, தனிக் காசு. டாங்கியை யாராவது வீட்டுக்கு எடுத்துட்டு வர முடியுமா தம்பி?'

கேட்டுட்டு டீயை உறிஞ்சினார். டாங்கியை வீட்டுக்கு எடுத்துட்டு வர முடியாது. லேப்டாப்பை முடியும். மேட்டர் ஓவர்!

அந்தச் சங்கும் சும்மா வரலை. 1918 ஏப்ரல் 27-ம் தேதி சென்னையில மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சாங்க. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. முன்னணியில. பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களோட முக்கியமான குறைகள்ல ஒண்ணு என்ன தெரியுமா? மதியச் சாப்பாட்டு இடைவேளை போதலைங்கறது. சாப்பிடற நேரத்துக்கே சங்கம் வெச்சுத்தான் கேட்க வேண்டியிருந்தது. 1923 மே 1-ம் தேதி இந்தியாவுலேயே முதல் மே தினத்தை சிங்காரவேலர் கொண்டாடினது நம்ம சென்னைக் கடற்கரையிலதான். மே தினத்தோட ஆதிக் கோரிக்கையே எட்டு மணி நேர வேலை.

ரொம்பப் பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2023 ஏப்ரல் 21-ம் தேதி, தொழிற்சாலைகள்ல வேலை நேரத்தை 12 மணி வரைக்கும் கொண்டுபோக வழிவிடற திருத்த மசோதா நம்ம சட்டசபையில நிறைவேறுச்சு. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால, மே தினத்தன்னிக்கே அதை வாபஸ் வாங்கறதா முதல்வர் ஸ்டாலின் அறிவிச்சார். ஃபேக்டரி கேட்டுல ஒரு மணி நேரம் கூடினா ஊரே பேசுது. பாரிவாக்கம் பெட்ரூம்ல மூணு மணி நேரம் கூடினா? அது யார் கண்ணுலயும் படறதில்ல. அங்கே கேட்டும் இல்ல, சங்கும் இல்ல.

ரோட்டுல போன மூணு மணி நேரம்

திரும்ப அண்ணன் கதைக்கு வருவோம். அந்தப் பஸ் பயணத்தை அவர் தினமும் திட்டினார். நியாயம்தான். ஆனா அந்தப் பயணத்துல ஒரு ரகசிய வேலையும் நடந்துட்டு இருந்தது. ஆபீஸ்ல மேனேஜர் சொன்ன கடுப்பு, வண்டி போரூர் தாண்டறதுக்குள்ள பாதி கரைஞ்சுடும். பாட்டு கேட்டு, பக்கத்து சீட்டுக்காரரோட கதை பேசி, பூந்தமல்லியில இறங்கி கால் கிலோ மல்லிகைப்பூ பேரம் பேசறப்போ ஆள் கிட்டத்தட்ட வீட்டு மனுஷனாகிடுவார். இப்ப லேப்டாப்பை மூடறதுக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் நடுவுல ஏழே அடி. அந்தக் கடுப்பு கரையறதுக்கு நேரமே இல்ல.

மூளை ஏன் இப்படிப் பண்ணுது? ப்ளூமா ஸைகார்னிக்னு ஒரு உளவியல் அறிஞர். முடிச்ச வேலையைவிட பாதியில நின்ன வேலைதான் மனசுல அதிகம் நிக்குதுன்னு 1927-ல எழுதினாங்க. ஆபீஸ் வேலை என்னைக்காவது முழுசா முடியுமா? அதனால சாப்பிடறப்பவும் குளிக்கறப்பவும் அது உள்ளே ஓடிக்கிட்டே இருக்கும். நல்ல செய்தியும் உண்டு. மிச்சமிருக்கிற வேலையை எப்போ, எப்படிச் செய்யப் போறோம்னு ஒரு திட்டம் போட்டுட்டாலே அந்த நச்சரிப்பு குறையுதுன்னு 2011-ல மசிகாம்போ, பாமைஸ்டர்னு ரெண்டு ஆய்வாளர்கள் சொன்னாங்க. வேலையை முடிக்கக்கூட வேண்டாம், பேப்பர்ல திட்டமா எழுதினா மனசு கொஞ்சம் அடங்குது!

இதை வெறும் டென்ஷன்னு ஒதுக்கிட முடியாது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிறவங்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை பார்க்கிறவங்களைவிட பக்கவாத ஆபத்து 35 சதவிகிதம் அதிகம்னு உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல சேர்ந்து சொல்லிச்சு. இதய நோயால சாகற ஆபத்து 17 சதவிகிதம் அதிகம். 'பர்ன் அவுட்'னு நாம சும்மா விளையாட்டா சொல்ற வார்த்தைக்கும் உலக சுகாதார நிறுவனம் 2019-ல ஒரு வரையறை கொடுத்தது. அது நோய் இல்ல, சரியாகக் கையாளாத வேலை அழுத்தத்தோட விளைவு. அடையாளம் மூணு. உடம்பும் மனசும் வத்திப்போறது, வேலை மேலேயே ஒரு வெறுப்பு, எதையும் உருப்படியா செய்ய முடியலைங்கற நினைப்பு.

பாரிவாக்கம் ஊதற சங்கு

அண்ணன் கடைசியில ஒரு டாக்டரைப் பார்த்தார். அவர் சொன்னபடி கவுன்சலிங்கும் போனார். இப்போ அவர் வீட்ல நடக்கிறது சிம்பிளான விஷயங்கள்தான்.

ராத்திரி பத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாடி, நாளைக்கு எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு ஒரு நோட்டுல மூணு வரி. அப்புறம் லேப்டாப் மூடி, பீரோவுக்குள்ள. டேபிள் மேல ஒரு போர்வை. ஆபீஸ் ஆப்கள் போன்ல கிடையாது. அவசரம்னா கூப்பிடச் சொல்லி டீம்ல நாலு பேருக்கு மட்டும் நம்பர். முதல் ரெண்டு வாரம் பயந்துக்கிட்டே இருந்தாராம். ராத்திரி எத்தனை கால் வந்துச்சு தெரியுமா? ஒண்ணுகூட இல்ல! காலையில ஷிப்டுக்கு முன்னாடி ஏரிக்கரையில அரை மணி நேரம் நடை. 'இது எக்சர்சைஸ் இல்லடா, ஆபீஸ் போற ரூட்டு. நடந்துபோயிட்டு அதே வீட்டுக்கே திரும்பி வர்றேன், ஆனா அப்ப ஆபீஸுக்குள்ள நுழையறேன்'ங்கறார்.

அக்கா வீட்ல வேற மாதிரி. வேலை நேரத்தைப் பெரிசா எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிட்டாங்க. சிலிண்டரும் கூரியரும் இப்போ வீட்டுக்காரர் பொறுப்பு. மாமியார் மாத்திரை டப்பாவுல காலை, மதியம், ராத்திரின்னு தனித்தனியா பேர் எழுதி வெச்சதுல, அவங்களே எடுத்துக்கறாங்க. எல்லாம் சுமுகமா நடந்துச்சான்னா, ஒரு வாரம் வீட்ல சண்டைதான். 'ஆனா அந்தச் சண்டை போடாம எனக்கு வாசல் கிடைச்சிருக்காது'னாங்க.

ஏரிக்கரையில நடந்தப்போ அண்ணன் கரையைக் காட்டிச் சொன்னார். 'இந்தக் கரை தண்ணிக்கு எதிரி இல்ல. கரை இருக்கிறதாலதான் இது ஏரி. இல்லேன்னா சும்மா தெருவுல ஓடற வெள்ளம்.'

ஒருத்தர் தன் ரூம்ல எவ்வளவு கரை கட்டினாலும், அந்தப் பக்கத்துலேர்ந்து தண்ணியைத் திறந்துவிட்டுக்கிட்டே இருந்தா தாங்குமா? அங்கேதான் சட்டம் வேணும். வேலை நேரத்துக்குப் பிறகு மெயிலுக்குப் பதில் போடாம இருக்கிற உரிமை பிரான்ஸ்ல 2017 ஜனவரியிலேர்ந்து சட்டத்துல இருக்கு. போர்ச்சுகல் 2021-ல, வேலை நேரம் முடிஞ்சா ஊழியரைத் தொடர்புகொள்ளக் கூடாதுன்னு முதலாளி பக்கமே பொறுப்பை வெச்சுது. ஆஸ்திரேலியாவுல 2024 ஆகஸ்ட்லேர்ந்து இந்த உரிமை. நம்ம நாடாளுமன்றத்துல சுப்ரியா சுலே இதுக்காக 2018-லயும் 2025 டிசம்பர்லயும் தனிநபர் மசோதா கொண்டுவந்தாங்க. ஆனா தனிநபர் மசோதா ஒண்ணு கடைசியா இங்கே சட்டமானது 1970-ல.

நம்பிக்கைக்கு நம்ம ஊர்லயே ஒரு உதாரணம் இருக்கு. ஜவுளிக்கடையில நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருந்த ஊழியர்களுக்கு, உட்கார இருக்கை கொடுக்கணும்னு 2021-ல தமிழ்நாடு சட்டம் போட்டுச்சு. அவங்களுக்கு உட்கார உரிமை கிடைச்சுது. லேப்டாப் முன்னாடி உட்கார்ந்திருக்கிற நமக்கு, எழுந்திரிக்க ஒரு உரிமை வேணும். அவ்வளவுதான் கேட்கிறோம்!

இப்ப உங்க டர்ன்

ஹாஸ்டல் கட்டில்ல உட்கார்ந்து ஆன்லைன் இன்டர்ன்ஷிப் பண்றீங்களா? ஃபைனல் இயர்ல கேம்பஸ் இன்டர்வியூவுக்கு டை கட்டிப் பழகறீங்களா? உங்களுக்கும் இது நாளைக்கு வரப்போற மேட்டர்தான். 'எங்ககிட்ட கேட்க ஏதாவது இருக்கா?'னு எச்.ஆர். கடைசியா கேட்பாங்க இல்ல? 'நோ சார், தேங்க்யூ சார்'னு ஓடி வந்துடாதீங்க. ஷிப்ட் எத்தனை மணியிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும்? கிளையன்ட் எந்த ஊர் நேரத்துல இருக்கார்? ஷிப்ட் முடிஞ்ச பிறகு கூப்பிட்டா அதுக்கு ஓவர்டைமோ, மாத்து லீவோ உண்டா? பணிவா, சிரிச்ச முகமா கேளுங்க. சம்பளத்தை பன்னிரண்டால வகுக்கத் தெரிஞ்ச நமக்கு, வேலை நேரத்தால வகுக்கவும் தெரியணும்.

கட்டிலையும் டேபிளையும் இப்பவே பிரிச்சுப் பழகுங்க. தனி ரூம் இல்லேன்னா பரவாயில்ல, தனி நாற்காலி போதும். நாற்காலியும் இல்லேன்னா தனி நேரம். ராத்திரி குரூப்ல மெசேஜ் போடறதுக்கு முன்னாடி, 'காலையில போட்டா உலகம் அழிஞ்சுடுமா?'னு ஒரு செகண்ட் யோசிங்க. நாளைக்கு நீங்களும் டீம் லீடர் ஆவீங்க. அப்போ உங்க கீழே வேலை பார்க்கிற ஜூனியருக்கும் ஒரு வீடு இருக்கும்.

தூக்கம் போகுது, எதுலயும் மனசு ஒட்டலை, காரணமே இல்லாம அழுகை வருதுன்னா, 'எல்லாருக்கும் இருக்கிறதுதானே'னு தள்ளிப்போடாதீங்க. 14416-க்கு போன் போடுங்க. 2022 அக்டோபர் 10-ம் தேதி மத்திய அரசு ஆரம்பிச்ச 'டெலி மானஸ்' மனநல உதவி எண் அது. காசு கிடையாது, ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

நான் கிளம்பறப்போ அண்ணனோட பாப்பா ஒரு படம் வரைஞ்சு கொண்டுவந்து காட்டுச்சு. ஏரி, மாடு, பக்கத்துல ஒரு ஆள் நடந்து போறார். 'இது யாரு?'ன்னேன்.

'அப்பா. ஆபீஸ் போறார்!'